கோணலும் இரண்டு ஓரகத்திகளும்

கோணல் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு துண்டாக வந்தது. லாரிக்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "இதுல எதுங்க முன்பக்கம், எது பின்பக்கம்?" என்று கேட்டார். முழுசாக இருந்த காலத்திலேயே பார்த்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்விதான் அது.

கோணல் ஒரு பாய்ப்படகு. அண்ணன் தம்பி இரண்டு பேர், சொந்த வேலை போக மிச்சமிருந்த பொழுதையெல்லாம் கொட்டிக் கட்டியது. மீன் பிடிக்க ஆகாது, நாலு பேர் ஏறிக் காற்று வாங்க ஆகாது. வேகமாகப் போகும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஒரு பக்கம் நீண்டு மெலிந்த உடம்பு. அதிலிருந்து குறுக்கே ஒரு சட்டம். சட்டத்தின் மறுமுனையில், ஓட்டுகிறவர் படுத்த வாக்கில் உட்கார ஒரு கூடு. துணிப்பாய்க்குப் பதிலாக விமான இறக்கை மாதிரி விறைப்பாக ஒரு பாய். அடியில் தண்ணீருக்குள் இறங்கும் மெல்லிய தகடு ஒன்று. வீட்டில் அதற்குக் கத்தி என்று பெயர். காற்று ஒரே பக்கத்திலிருந்துதான் அடிக்க வேண்டும், படகு ஒரே திசையில்தான் ஓடும். போகத் தெரியும், திரும்பி வரத் தெரியாது. ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் ரப்பர் போட்டில் கயிறு கட்டி இழுத்துவர வேண்டும். இப்படி ஒரு பிறவிக்குக் கோணல் என்று பெயர் வைக்காமல் வேறு என்ன வைப்பது?

ஓட்டியவள் பெரியவள், அண்ணன்காரரின் மனைவி. கடைவாசல்களுக்கு நிழற்கூரையும் வண்டிகளுக்குத் தார்ப்பாய் மூடியும் தைத்துக் கொடுப்பது அவள் தொழில். ரப்பர் போட்டில் கயிறு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் சின்னவள், தம்பியின் மனைவி. பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் பட்டறையில் அவளுக்கு வேலை. ஒரே வீட்டில் மேலும் கீழுமாக இரண்டு குடித்தனம், பக்கத்திலேயே தகரக் கொட்டகை, அதற்குள் கோணல். வெளியே பார்ப்பவர்கள் இப்படி ஒற்றுமையான ஓரகத்திகள் உண்டா என்பார்கள். ஒருத்தி படகில் இருந்தாள், இன்னொருத்தி கயிற்றைப் பிடித்தாள், அதனால் ஒற்றுமைக்கு ஒரு குறைவும் வரவில்லை.

ஊருக்கு வெளியே ஆழமில்லாத ஒரு உப்பங்கழி. அதில் அறுபது நாட் வேகத்தை, அதாவது மணிக்கு நூற்றுப்பத்து கிலோமீட்டருக்கும் மேல், அதுவரை எந்தப் பாய்ப்படகும் தொட்டதில்லை. அன்றைக்குக் கோணல் தொடப் போனது. மயிரிழை மிச்சம் இருக்கும்போது படகு ஒரு பக்கமாக எழும்பி, குட்டிக்கரணம் அடித்து, சட்டம் முறிந்து விழுந்தது. பெரியவளின் தோள் எலும்பும் முறிந்தது.

டாக்டர் கையைத் தூளியில் போட்டுக் கட்டிவிட்டு, இந்தக் காற்றுப் பருவம் முடியும்வரை படகுப் பக்கமே போகக் கூடாது என்றார்.  அன்று சாப்பாட்டு மேஜையில் பெரியவளின் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"காத்து ஓயறதுக்குள்ள சட்டத்தை ஒட்டிடலாம். ஓட்டுறதுக்குத்தான்..."

"அவ ஓட்டட்டுமே" என்றாள் பெரியவள். "அதுக்கென்ன இப்போ?"

வாய்தான் சொன்னது. வயிறு பற்றி எரிந்தது. சின்னவள் வேண்டாம், வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்வாள், அதற்குப் பிறகு வற்புறுத்தலாம் என்று பெரியவள் கணக்குப் போட்டிருந்தாள். சின்னவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "சரிக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

விபத்துக்கு யாரும் பெரியவளைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பாய்மரத்து உச்சியில் இருந்த கேமரா எல்லாவற்றையும் பிடித்திருந்தது. படகு எழும்பிய பிறகும் அவள் கை பாய்க்கயிற்றை விடாமல் பிடித்திருப்பது அதில் பளிச்சென்று தெரிந்தது. கொழுந்தன் அதைப் பார்த்துவிட்டு, "திடீர்க் காத்து அண்ணி. யாரா இருந்தாலும் ஒரு செகண்ட் லேட்டாத்தான் விட்டிருப்பாங்க" என்று பூசி மெழுகினான். கத்தியில் ஒரு கோளாறும் இல்லை, சட்டத்தை மட்டும் இன்னும் தடியாகக் கட்டினால் போதும் என்று முடிவு செய்தார்கள்.

கத்தியில் கோளாறு இருப்பது பெரியவளுக்குத் தெரியும்.

டம்ளரில் ஜூஸ் தீர்ந்துபோகும்போது ஸ்ட்ராவில் கர்ரென்று ஒரு உறிஞ்சல் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம். வேகம் ஐம்பதைத் தாண்டி ஏறும்போது கத்திப் பக்கமிருந்து வரும். கூடவே சுக்கான் பிடி கையில் லேசாகிவிடும். அந்த நொடியில் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினால் படகு அடங்கிவிடும். போன பருவத்திலேயே அவள் இதைக் கண்டுபிடித்துவிட்டாள். சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் கொழுந்தன் கரையில் நின்ற கூட்டத்திடம், "எங்க விடணும்னு அண்ணிக்கு உடம்பே சொல்லுது. இதெல்லாம் யாரும் கத்துக்கொடுத்து வர்றதில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சமையலில் கைப்பக்குவத்தை மறைக்கிறவர்கள் இல்லையா, அப்படி மறைத்துக்கொண்டாள். விபத்தன்றும் சத்தம் கேட்டது. வேகம் காட்டும் திரையில் அறுபது பக்கத்தில் வந்திருந்தது, அதனால் விடவில்லை.

இப்போது சொன்னால் மானம் போகும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். ஆனால் சொன்னால் கொழுந்தன் கத்தியைத் திருத்திவிடுவான். திருத்திய படகில் ஏறிச் சின்னவள் ஜம்மென்று அறுபதைத் தாண்டிவிடுவாள். இவள் எலும்பை உடைத்துக்கொண்டது அவளுக்குப் பாதை போட்டுக்கொடுக்கவா? சொல்லாமல் விட்டால், என்றைக்காவது ஒருநாள் சின்னவளின் காதில் அந்த உறிஞ்சல் விழும், அது என்னவென்று அவளுக்குத் தெரியாது. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் பெரியவள் எழுந்துபோய் வேறு வேலை ஏதாவது பார்ப்பாள்.

வேலைக்குக் குறைவில்லை. முறிந்த சட்டத்தில் நைந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு முனைகளையும் கணவர் நீளச் சரிவாக இழைத்தார். கார்பன் நாரில் செய்த சட்டம், அதனால் கொட்டகை முழுக்கக் கரித்தூள்; மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வந்தது. சரிவின் மேல் கார்பன் துணிப் பட்டைகளை, ஒன்றைவிட ஒன்று நீளமாக, ரெசின் பசையில் ஊறவைத்து அடுக்க வேண்டும். பட்டைகளை வெட்டிக் கொடுத்தது பெரியவள், ஒற்றைக் கையால். துணி வெட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் பாராட்டு எல்லாம் வேறு பக்கம் போயிற்று. சின்னவள் பட்டறையிலிருந்து பல் தேய்க்கும் குட்டி எந்திரத்தைக் கொண்டுவந்து, கத்தியின் ஓரத்தில் விபத்தில் விழுந்த சின்னப் பள்ளங்களையெல்லாம் அடைத்து, இழைத்து, பளபளவென்று ஆக்கியிருந்தாள்.

"விரல் வெச்சா வழுக்குது. கை இல்லம்மா இது, மெஷினு!" என்றார் கணவர், தம்பி மனைவியிடம்.

கட்டின பெண்டாட்டி ஒற்றைக் கையால் வெட்டியது அந்த மனிதர் கண்ணில் படவில்லை. பெரியவள் கத்தரிக்கோலை மேஜையில் நங்கென்று வைத்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதைவிடப் பெரிய அடி ஒன்று இருந்தது. ஓட்டுகிறவரின் சீட் அவரவர் உடம்புக்கு அளவாக வார்த்தது. நுரைக் கலவையைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, அது பொங்கி இறுகும்வரை அதன்மேல் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பெரியவளின் முதுகும் இடுப்பும் அச்சாகப் பதிந்த சீட் அது. ஒருநாள் கொட்டகைக்கு வந்தால் சீட்டைக் கழற்றிப் பரணில் பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே வைத்திருந்தார்கள். கூட்டுக்குள் சின்னவள் புதுப் பையின் மேல் உட்கார்ந்து, மூச்சுவிடக்கூட பயந்தவளாக விறைத்துக்கொண்டிருந்தாள்.

"சூடா இருக்குக்கா" என்றாள் சிரித்துக்கொண்டே.

"இருக்கும், இருக்கும்" என்றாள் பெரியவள்.

அன்று சாயங்காலம் மாடிப்படியில் சின்னவள் அவளை நிறுத்தினாள். "அக்கா, ஒண்ணு கேக்கணும். கயித்த எப்போ விடணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இதோ கேட்டுவிட்டாள். சொல்லிவிடலாம், ஒரே ஒரு வாக்கியம்தான். பெரியவள் சின்னவளின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஆசை அப்படியே வழிந்துகொண்டிருந்தது. 

"அதெல்லாம் சொல்லித் தெரியாது. தானா வரும்."

சின்னவள் தலையாட்டிவிட்டு மேலே ஏறிப் போனாள். பெரியவளுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. இறங்காததற்குக் காரணம் தோள்வலி என்று கணவரிடம் சொன்னாள்.

சட்டத்தை மூடும் நாள் வந்தது. பட்டைகளை அடுக்கி முடித்ததும் அதன்மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, ஓரமெல்லாம் பிசின் நாடாவால் அடைத்து, பம்பு வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். தாள் சட்டத்தோடு இறுக ஒட்டிக்கொண்டால்தான் ரெசின் இடைவெளியில்லாமல் இறுகும். நாலு பேரும் சுற்றி நின்றார்கள். கொழுந்தன் பம்பைப் போட்டான். தாள் சுருங்கிச் சுருங்கி ஒட்டிக்கொண்டு வந்தது. திடீரென்று எங்கிருந்தோ கர்ரென்று ஒரு உறிஞ்சல்.

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓரடி பின்னால் துள்ளினாள். நல்ல கை தன்பாட்டில் விரிந்து காற்றில் எதையோ உதறியது. முதுகு அலமாரியில் மோதி, தோளில் உயிர் போகிற மாதிரி வலித்தது.

"ஒண்ணுமில்ல அண்ணி, எங்கயோ ஓட்டை. காத்து உள்ள நுழையுது" என்றான் கொழுந்தன். குனிந்து நாடா ஓரமெல்லாம் காதை வைத்துத் தேடி, ஒரு மூலையை அழுத்தினான். சத்தம் நின்றது.

சின்னவள் தாளைப் பார்க்கவில்லை. பெரியவளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க கை ஏன் கயித்த விட்டுச்சு?"

"எந்தக் கயிறு?"

"பாய்க்கயிறு. நீங்க ஓட்டும்போது இப்படித்தான் விடுவீங்க. ஒவ்வொரு தடவையும் பாத்திருக்கேனே."

 பெரியவளுக்கு முதலில் வந்தது கோபம். இவள் ரப்பர் போட்டில் உட்கார்ந்துகொண்டு தன் கையை இத்தனை நாளும் அளவெடுத்துக்கொண்டிருந்தாளா! அந்தக் கோபத்திலேயே வாய் திறந்துவிட்டது. நல்ல மனசோடு சொன்னாள் என்று யாராவது நினைத்தால் அது தப்பு.

"என்னமோ நான் தூங்கிட்டு ஓட்டுனேன், இவ வந்து கிழிக்கப்போறான்னு எல்லாரும் நெனச்சிட்டிருக்கீங்க. அம்பதைத் தாண்டட்டும், அப்போ தெரியும். இதே சத்தம்தான் வரும், கத்திகிட்ட இருந்து. சுக்கான் செத்துப்போகும். என் கையில ஒரு குத்தமும் இல்ல. உங்க கத்தியிலதான் குத்தம்!"

கொழுந்தன் பம்பை மறந்து நிமிர்ந்தான். "இதே சத்தமா? உறிஞ்சுற மாதிரியா?"

"ஆமா. ஸ்ட்ரால உறிஞ்சுற மாதிரி."

"காத்து!" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். "தண்ணி மேல இருக்கிற காத்து கத்தி வழியா கீழ இறங்குது. கத்திக்குத் தண்ணி பிடிமானமே இல்லாம போயிடுது. அதான் தூக்கி அடிச்சிருக்கு. அய்யோ அண்ணி, இத முன்னாடியே..."

அதோடு நிறுத்திக்கொண்டான். மிச்சத்தைக் கணவர் சொன்னார், குரலை உயர்த்தாமல். "முன்னாடியே சொல்லியிருந்தா சட்டம் உடைஞ்சிருக்காது. உன் தோளும்."

பெரியவள் முகத்தில் ஈயாடவில்லை. சின்னவள் ஏதாவது குத்திக் காட்டுவாள் என்று காத்திருந்தாள். படிக்கட்டில் கேட்ட கேள்வியும் கிடைத்த பதிலும் அவளுக்கு மறந்திருக்காது.  ஆனால் சின்னவள் குனிந்து, நாடாவின் இன்னொரு மூலையை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வேலை பறந்தது. கத்தியின் மேல்பகுதியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, குறுக்காகச் சின்னச் சின்னத் தகடுகள் வைத்தால் இறங்கும் காற்று அதில் தடுக்கி நின்றுவிடும் என்றான் கொழுந்தன். வேலி மாதிரி. அதை யார் செய்வது? வேறு யார்! சின்னவள் பட்டறை மெழுகில் உருவம் பிடித்து, உலோகத்தில் வார்த்து, நகம் அளவு மெல்லிசாகத் தேய்த்துக் கொண்டுவந்தாள். கத்தியில் பொருத்தியதும் வரிசையாகப் பல் முளைத்த மாதிரி இருந்தது.

"கோணலுக்கும் பல் கட்டியாச்சு. இனி கடிக்கும்" என்றார் கணவர். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். பத்திரமாக ஒளித்து வைத்திருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் இப்போது சின்னவளின் கைவேலையாகிவிட்டது.

நல்ல காற்று அடித்த ஒரு காலையில் படகைக் கழிக்குக் கொண்டுபோனார்கள். நேரம் பார்க்கும் அதிகாரி கரையில் குடையோடு உட்கார்ந்திருந்தார். கொழுந்தன் ஓட்டம் தொடங்கும் இடத்தில் படகைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஓட்டம் முடியும் பக்கத்தில் ரப்பர் போட். டாக்டர் சொன்னதையெல்லாம் காற்றில் விட்டுவிட்டுப் பெரியவள் அதில் ஏறி உட்கார்ந்தாள். என்ஜினைக் கணவர் பார்த்துக்கொண்டார்.

இந்த இடத்தில் அவள் உட்கார்ந்ததே இல்லை. அலை தட்டித் தட்டி அடியெல்லாம் ஈரம். கண்ணில் உப்பு. காலடியில் இழுகயிறு சுருண்டு கிடந்தது. எடுத்து மடியில் வைத்தபோது அதன் நடுவே ஒரு பெரிய முடிச்சு கையில் தட்டியது. அழுக்கேறிக் கறுத்து, பிடித்துப் பிடித்து வழவழவென்று ஆகியிருந்தது.

"இது எதுக்குங்க?"

"அவதான் போட்டா. இழுக்குறதுக்கு ஒண்ணும் வேணாம் அது" என்றார் கணவர், என்ஜினைப் பார்த்துக்கொண்டே. "நீ ஓட ஆரம்பிச்சதும் அதப் பிடிச்சுக்குவா. கை வெளுத்துப் போற மாதிரி. நீ முடிச்சு நின்னதுக்கு அப்புறம்தான் விடுவா."

"பயமா?"

 "நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார்.

அதற்குமேல் கேட்க நேரமில்லை. தூரத்தில் வெள்ளை இறக்கை நிமிர்ந்தது. கோணல் முதலில் முனகிக்கொண்டு நகர்ந்தது. பிறகு உடம்பைத் தண்ணீரிலிருந்து தூக்கிக்கொண்டது. பிறகு அதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி வந்தது. பெரியவள் காதைத் தீட்டிக்கொண்டாள். உறிஞ்சல் கேட்கவில்லை, இவ்வளவு தூரத்துக்கு அது கேட்கவும் கேட்காது. விழுந்துவிடக் கூடாது என்று ஒரு மனசு பதறியது. தாண்டிவிடக் கூடாது என்று இன்னொரு மனசு அதைவிடச் சத்தமாகப் பதறியது. இரண்டும் அவளுடையதுதான். கீழே பார்த்தால் கை முடிச்சைப் பிடித்திருந்தது, விரல்கள் வெளுத்திருந்தன.

ஓட்டத்தின் முடிவைக் காட்டும் கடைசி மிதவை வருவதற்குச் சற்று முன் கோணலின் இறக்கை லேசாக ஒரு தரம் தளர்ந்தது, உடனே நிமிர்ந்துகொண்டது. ஏதோ ஒன்றை உணர்ந்து கயிற்றை விட்டு, மறுபடி பிடித்திருக்கிறாள். படகு சீறிக்கொண்டு மிதவையைக் கடந்தது.

கரையில் அதிகாரி குடையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். கணவரின் ரேடியோவில் கொழுந்தனின் குரல் உடைந்துபோய் வந்தது. "தாண்டிடுச்சு! அண்ணா, அறுபதத் தாண்டிடுச்சு!" கணவர் கத்தினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுபடி கத்தினார். பெரியவளும் கத்தினாள். அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் குரல் வந்தது.

ரப்பர் போட் பக்கத்தில் போனபோது சின்னவள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கூட்டுக்குள் அப்படியே சாய்ந்திருந்தாள். முகமெல்லாம் தண்ணீர். அழுகையா உப்புத் தண்ணீரா, தெரியவில்லை. பெரியவள் கயிற்றை எறிந்தாள். சின்னவள் பிடித்துக் கோணலின் மூக்கில் மாட்டினாள்.

"எனக்கு வயிறு எரியுதுடி" என்றாள் பெரியவள். சொல்ல வேண்டும் என்று வரவில்லை, வந்துவிட்டது.

சின்னவள் அவள் மடியில் கிடந்த முடிச்சைப் பார்த்தாள். "தெரியும்கா" என்றாள். "அதப் பிடிச்சுக்கிட்டா கொஞ்சம் அடங்கும்."

கணவர் சட்டென்று திரும்பி என்ஜினில் இல்லாத கோளாறைத் தேட ஆரம்பித்தார். பெரியவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. எத்தனை ஓட்டம், எத்தனை தடவை கரையில் நின்று கைதட்டல் வாங்கியிருப்பாள்! ஒரு தடவைகூட இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. தோள் குணமானதும் பரணிலிருந்து சீட்டை இறக்க வேண்டும், அடுத்த பருவம் அந்தக் கூட்டில் உட்காரப் போவது தான்தான் என்று அப்போதே முடிவு செய்துகொண்டாள். அதனால் கேட்டாள்.

"கடைசி மிதவைக்கு முன்னால கயித்தத் தளர்த்துனியே, பாத்தேன். என்ன ஆச்சு? சத்தம் வந்துச்சா? வேற மாதிரியா?"

சின்னவள் கையுறையைக் கழற்றி, நிதானமாகத் தண்ணீரைப் பிழிந்தாள். பிறகு நிமிர்ந்து ஓரகத்தியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அதெல்லாம் சொல்லித் தெரியாதுக்கா" என்றாள். "தானா வரும்."

"அடிப்பாவி!" என்றாள் பெரியவள்.

சின்னவள் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கணவர் என்ஜினைக் கிளப்பினார். கயிறு விறைத்தது, கோணல் முரண்டு பிடித்துக்கொண்டே பின்னால் வந்தது. கரை வரும்வரை பெரியவள் முடிச்சை விடவில்லை.